எல்லோரிடமும் ஓடிவரும் குழந்தை

அநாதை நிலையம் ஒன்றுக்குச் செல்கிறோம். வாயிலில் கால் வைத்ததும் மூன்று வயதுக் குழந்தையொன்று ஓடிவந்து நம் காலைக் கட்டிக்கொள்கிறது. யார், எவர் என்று முகம் பார்த்துத் தயங்கவில்லை. தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிறது. நம் நெஞ்சு நெகிழ்கிறது. 'இங்கே பிள்ளைகள் எத்துணை அன்பாக வளர்கிறார்கள்!' என்று மகிழ்ந்து, இயன்றதைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கலாம் என்று நம்மை எண்ண வைக்கிறது, இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட நூல்.

சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்கள் எழுதிய 'ருமேனியாவின் கைவிடப்பட்ட குழந்தைகள்' என்னும் ஆங்கில நூலே அது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது.

நூலின் பின்னணியைச் சிறிது கூறுதல் வேண்டும். ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு, நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்க விரும்பி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். பிள்ளைகள் பெருகினர், வறுமையும் பெருகியது. வளர்க்க இயலாத பெற்றோர் தம் குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டுச் சென்றனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி கவிழ்ந்தபோது, அவ்விடுதிகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெற்றோரை இழந்தவர் அல்லர் என்பதே வேதனைக்குரிய செய்தி.

தலைநகரான புக்கரெஸ்டில் இருந்த ஆறு விடுதிகளிலிருந்து, இரண்டரை வயதளவுக்கு உட்பட்ட 136 குழந்தைகளை இவ்வறிஞர்கள் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் 68 குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். எஞ்சிய 68 குழந்தைகள் வழக்கமான பராமரிப்பிலேயே விடப்பட்டனர். பெற்றோருடன் வாழும் 72 குழந்தைகளையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர்.

விடுதிகளில் உணவு இருந்தது, உடை இருந்தது, படுக்கை இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே: தனக்கென ஒரு முகம். ஒரு பணிப்பெண்ணின் பொறுப்பில் பன்னிரண்டு குழந்தைகள் வரை இருந்தனர். வேளை மாறினால் ஆளும் மாறினார். வீட்டுக் குழந்தை அழுதால் ஒருத்தி வருகிறாள்; மறுமுறையும் அவளே வருகிறாள்; உலகம் நம்பத்தக்கது என்னும் முதற்பாடத்தை அது அப்படித்தான் கற்கிறது. விடுதிக் குழந்தை அழுதது, எவரும் வரவில்லை, நாளடைவில் அழுகையை நிறுத்திக்கொண்டது. தொட்டில் நிறைந்த கூடத்தில் நிலவிய அமைதி, நிம்மதியின் அமைதியன்று.

அதன் விளைவுகளை நூல் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. நான்கரை வயதில் வீட்டுக் குழந்தைகளின் அறிவுத்திறன் சராசரி 109 ஆகவும், விடுதியில் விடப்பட்டோருடையது 73 ஆகவும் இருந்தன. குடும்பங்களுக்குச் சென்றவர்கள் 81ஐ எட்டினர். வளர்ப்பவரிடம் உறுதியான பாசப்பிணைப்பு, குடும்பங்களுக்குச் சென்றோரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் காணப்பட்டது. மற்றையோரில் ஐந்தில் ஒருவரிடங்கூட அஃது இல்லை. அச்சமும் மனச்சோர்வும் குடும்பச் சூழலில் தணிந்தன. ஆனால் கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும் அவ்வாறு தணியவில்லை. தம் முயற்சி எங்கே பலிக்கவில்லை என்பதையும் மறைக்காது எழுதிய நேர்மையைப் பாராட்டுகிறோம்.

முன்பின் அறியாதவரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு இக்குழந்தைகள் பலரிடம் காணப்பட்டது. நாம் அன்பின் நிறைவென்று கருதுவது, அன்பின் வறுமையாகவும் இருக்கலாம். தாய்மடி அறிந்த குழந்தை, அயலாரைக் கண்டதும் அவள் முந்தானைக்குப் பின்னே ஒளியும். ஒளிய முந்தானை இல்லாத குழந்தையோ எல்லோரிடமும் ஓடும்; எவர் சென்றாலும் அதற்கு ஒன்றே.

நூலில் நமக்கு நெருடுவனவும் உண்டு. குலுக்கலில் பெயர் வராத குழந்தை என்ன பாவம் செய்தது? நூலாசிரியர்கள் இக்கேள்வியைத் தனி இயலிலேயே எதிர்கொள்கின்றனர். அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு இல்லையென்றே சொல்லலாம் என்பதும், எந்தக் குழந்தைக்கும் வீடு கிடைத்தால் ஆய்வு தடைசெய்யாது என்பதும் அவர்களது விடை. அறிவு அதனை ஏற்கிறது. நெஞ்சு முழுதும் ஏற்க மறுக்கிறது. மேலும், அளவைகளின் மொழியிலேயே நூல் நெடுகப் பேசுவதால், ஒரு குழந்தையின் ஒரு நாளை உடனிருந்து காணும் அனுபவம் வாசகருக்குக் குறைவாகவே வாய்க்கிறது.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. இரண்டு வயதுக்குள் குடும்பத்தில் சேர்ந்தோர் பல வகையிலும் மேம்பட்டனர் என்பதைக் கொண்டு, பிந்தியவர்களுக்கு விமோசனமே இல்லை என்று முடிவுகட்டுதல் தகாது. ருமேனிய விடுதிகளிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்துச் சென்றவர்களைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆறு மாதங்களுக்கு மேல் விடுதியில் இருந்தோரில் பலருக்குப் பருவமெய்திய பின்னரும் இடர்கள் தொடர்ந்ததைக் கூறுகிறது. எனினும் அவர்களுள் ஐந்தில் ஒருவர் பழுதின்றி வளர்ந்ததையும் அதே ஆய்வு கூறுகிறது. காலம் முக்கியம், ஆனால் காலமே விதியன்று.

அநாதையாகவே பிறந்த பெருமானார் (ஸல்) அவர்களின் இளமையை இவ்விடத்தில் எண்ணாதிருக்க இயலவில்லை. அன்னை ஹலீமாவின் மடி, அன்னை ஆமினாவின் அரவணைப்பு, பாட்டனார் அப்துல் முத்தலிபின் பரிவு, பெரிய தந்தை அபூதாலிபின் காவல்: கைகள் மாறினவே தவிர, அவர்கள் ஒருநாளும் வீடின்றி இருந்ததில்லை. பெற்றோரற்ற குழந்தையை வீட்டில் ஏற்றுப் பேணும் கஃபாலா முறையை, 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும் பெயர் குறித்தே சொல்கிறது.

ருமேனியா 2004இல் சட்டம் இயற்றி, கடும் உடற்குறை உள்ளோர் தவிர இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்ப்பதைத் தடைசெய்தது. நாம் சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடத்திற்குச் செங்கல் வழங்கும் செல்வர், அக்குழந்தையின் ஏழைத் தாய்க்கு மாதந்தோறும் உதவினால் பிள்ளை வீட்டிலேயே வளருமே என்று எண்ணிப் பார்க்கலாம். நிலையம் நடத்துவோர், ஒவ்வொரு சிறு குழந்தைக்கும் மாறாத ஒரு முகத்தை ஒதுக்கித் தரலாம்.

இனி ஒருமுறை அவ்வாயிலில் ஒரு குழந்தை நம் காலைக் கட்டிக்கொண்டால், தூக்கி முத்தமிடுவோம். இறக்கிவிட்ட பின், 'இது அழுதால் யார் வருவார்?' என்று கேட்காமல் திரும்பாதிருப்போம்.