கரை ஏறிய கப்பல்: ‘ஃபர்தர் அப் த கிரீக்’ (1958) நகைச்சுவைப் படம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியத் திரைப்படங்களை ஆராய்வோர் பெரும்பாலும் புகழ்பெற்ற படைப்புகளையே எடுத்துக்கொள்வர். குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்பெற்ற நகைச்சுவைப் படங்கள் அவர்தம் கவனத்திற்கு வருவது அரிது. எனினும், ஒரு காலத்தின் கவலைகள் பெருங்காப்பியங்களைவிட எளிய கேலிக்கதைகளில் வெளிப்படையாகப் பதிவாவதுண்டு. வால் கெஸ்ட் இயக்கத்தில் ஹேமர் நிறுவனம் உருவாக்கிய ‘அப் த கிரீக்’, அதன் தொடர்ச்சியான ‘ஃபர்தர் அப் த கிரீக்’ ஆகிய இரண்டும் அத்தகையன. இரண்டும் 1958ஆம் ஆண்டிலேயே வெளிவந்தவை. தொடர்ச்சிப் படம் முதற்படத்தின் வெளிறிய நிழல் என்று கருதுவது இயல்பு. அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கழியில் நின்ற கப்பல்

‘கிரீக்’ என்னும் சொல் கடலிலிருந்து நிலத்துள் புகும் கழியைக் குறிப்பது. ‘அப் த கிரீக்’ என்பதற்கு மீளவழியற்ற சிக்கலில் அகப்பட்டிருத்தல் என்னும் பொருளும் ஆங்கிலப் பேச்சுவழக்கில் உண்டு. படத்தின் கதை இவ்விரு பொருள்களையும் தாங்கி நிற்கிறது. ஏவுகணைச் சோதனையில் பித்துக்கொண்டு, சென்ற இடமெல்லாம் அழிவை விளைவிக்கும் ஃபேர்வெதர் என்னும் இளநிலை அதிகாரி, தீங்கு செய்ய இயலாத இடம் என்று கருதப்படும் ஒரு சேமக் கப்பலுக்குத் தலைவராக அனுப்பப்படுகிறார். நல்ல வானிலையில் மட்டுமே கலம் செலுத்தத்தக்கவர் என்னும் குறிப்பு அவர் பெயரிலேயே அமைந்துள்ளது. அதிகாரியின்றி நெடுநாள் கிடந்த அக்கப்பலைப் போசன் எனப்படும் தளத்தலைவரும் மாலுமிகளும் தங்கள் சொந்த வணிகத்தின் நிலையமாக மாற்றியிருக்கின்றனர். கடலுக்குச் செல்லாத மாலுமிகள் கரையோர ஊரின் குடிகளாகவே வாழ்கின்றனர்.

இக்கதைக்கு முன்மாதிரி உண்டு. 1937இல் வெளிவந்த ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ படத்தில் வில் ஹே நடித்த நிலைய அதிகாரி, யாரும் இறங்காத ஒரு தொடர்வண்டி நிலையத்திற்கு அனுப்பப்படுகிறார். அப்படத்தின் திரைக்கதையாசிரியருள் வால் கெஸ்ட்டும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஓடாத தொடர்வண்டி நிலையத்தை ஓடாத கப்பலாக்கியதே 1958இன் மாற்றம் எனலாம்.

அம்மாற்றத்திற்குக் காலம் இடமளித்தது. 1956இல் சூயஸ் கால்வாயை மீட்க எடுத்த படையெடுப்பு, பிரித்தானியா பின்வாங்குவதில் முடிந்தது. 1957 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கட்டாயப் படைப்பணியை முடிவுக்குக் கொணரவும் படைவலிமையைக் குறைக்கவும் ஏவுகணைகளை முதன்மையாக நம்பவும் வழிவகுத்தது. ஏவுகணைப் பித்துக்கொண்ட ஓர் அதிகாரி, பயனற்ற ஒரு போர்க்கப்பலுக்குத் தலைவராகும் கதை, அவ்வறிக்கைக்கு அடுத்த ஆண்டிலேயே திரைக்கு வந்தது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது.

செலவின் சுருக்கமும் கதையின் அமைப்பும்

குறைந்த செலவு என்பது இப்படங்களின் குறை மட்டுமன்று. அவற்றின் அமைப்பை உருவாக்கிய காரணமும் ஆகும். நிற்கும் கப்பலைப் படமாக்குவது எளிது. கடற்போரைப் படமாக்குவது அரிது. எனவே கதை ஒரே தளத்தில், சில அறைகளில், ஒரு சிற்றூரின் எல்லைக்குள் நடக்கிறது. இடம் சுருங்கியதால் மாந்தரிடையே உறவு நெருங்குகிறது. மறைக்க வேண்டிய வணிகம், அதனை அறியாத தலைவர், திடீரென வந்து பார்வையிடும் கடற்படைத் தளபதி என்னும் மூன்றும் போதிய சிக்கலைத் தருகின்றன. முதற்படத்தின் இறுக்கம் இவ்வாறு வந்ததேயாகும்.

தொடர்ச்சிப் படம் எதிர்கொண்ட இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒரே கழியில் இருமுறை கப்பலை நிறுத்த இயலாது. கதை நகர்ந்தாக வேண்டும். ஆனால் கடலைக் காட்டும் பொருள்வளம் படத்திற்கு இல்லை.

கரையைக் கடலுக்குக் கொண்டுசெல்லுதல்

இவ்விடர்ப்பாட்டிற்கு வால் கெஸ்ட் கண்ட தீர்வு நுட்பமானது. ‘அரிஸ்டாட்டில்’ என்னும் போர்க்கப்பல் ‘அல்ஜெரோக்கோ’ என்னும் கற்பனை நாட்டிற்கு விற்கப்படுகிறது. அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஃபேர்வெதருக்கு வருகிறது. போசனோ தலைவருக்குத் தெரியாமல் அப்பயணத்தை மத்தியதரைக் கடல் இன்பப் பயணமாக்கி, பொதுமக்களிடம் கட்டணம் பெற்று அவர்களைக் கப்பலேற்றுகிறார்.

முதற்படத்தில் மாலுமிகள் கரையில் வாழ்ந்தனர். இரண்டாம் படத்தில் கரையே கப்பலில் ஏறிவிடுகிறது. விடுமுறைப் பயணிகளின் வருகையால் போர்க்கப்பல் கடற்கரை ஊர் ஒன்றின் தங்கும் விடுதியாகிறது. கடலைக் காட்ட இயலாத குறையைக் கரையைக் காட்டி நிறைவு செய்திருப்பது இப்படத்தின் முதன்மையான வெற்றி. படைக்கலம் ஒன்று விற்பனைப் பொருளாகவும் விடுதியாகவும் மாறும் இக்கதை, பேரரசின் சுருக்கத்தை முதற்படத்தைவிடத் தெளிவாகவே பேசுகிறது எனலாம்.

நடிகர் மாற்றம்

முதற்படத்தின் போசனாக நடித்த பீட்டர் செல்லர்ஸ் இரண்டாம் படத்தில் இல்லை. அவ்விடத்தை ஃபிராங்கி ஹவர்டு நிரப்பினார். செல்லர்ஸ் ஏற்ற பாத்திரத்துள் தம்மை மறைத்துக்கொள்ளும் நடிகர். ஹவர்டோ மேடையிலும் வானொலியிலும் தடுமாறிப் பேசி, அவையோரிடமே முறையிட்டு நகைப்பூட்டிப் பெயர்பெற்றவர். எப்பாத்திரத்திலும் அவரே வெளிப்படுவார். இதனால் பாத்திரத்தின் ஆழம் குறைகிறது என்பது உண்மை. ஆயினும், பிறரறியாமல் நடக்கும் வணிகத்திற்குச் செல்லர்சின் அடக்கம் பொருந்தியதுபோல, பயணிகளை ஏமாற்றிக் கப்பலேற்றும் விளம்பர வணிகத்திற்கு ஹவர்டின் பதற்றம் பொருந்துகிறது.

எள்ளலின் திசை

நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். பிறர் சொன்னதை ஆராயாது ஏற்று, ஏற்றதை விடாது பற்றுதலை மடன் என்பர் உரையாசிரியர். இதற்கு ஃபேர்வெதரைவிடப் பொருத்தமான சான்று காண்பது அரிது. இரு படங்களின் இயக்கமும் அவரது மடனை நம்பியே நிற்கிறது.

எள்ளல் பிறரை எள்ளுவதாகவும் பிறரால் எள்ளப்படுவதாகவும் இருதிறப்படும் என்பது பேராசிரியர் உரையால் பெறப்படும். முதற்படத்தில் எள்ளப்படுவது பிரித்தானியக் கடற்படையே, எள்ளுவோரும் அந்நாட்டவரே. தன்னையே எள்ளும் அந்நகைப்பில் ஒருவகை நேர்மை உண்டு. இரண்டாம் படத்தில் கப்பலுக்குள் இந்நிலை தொடர்கிறது. ஆனால் கப்பலை வாங்கும் நாட்டைக் குறிக்குமிடத்து எள்ளலின் திசை மாறுகிறது. அல்ஜீரியா, மொராக்கோ என்னும் இரு நாடுகளின் பெயர்களைக் கலந்து ஆக்கியதே ‘அல்ஜெரோக்கோ’. 1958இல் அல்ஜீரியா விடுதலைப் போரில் இருந்தது. மொராக்கோ 1956இல்தான் விடுதலை பெற்றிருந்தது. உயிரைக் கொடுத்துத் தனிப்பெயர் தேடிய நாடுகள் இங்கு ஒரு சொல் விளையாட்டில் அடையாளம் இழக்கின்றன.

இந்திய வாசகர் இதனை வாங்குவோர் பக்கத்திலிருந்தும் நோக்கக் கடமைப்பட்டவர். பிரித்தானியப் போர்க்கப்பலான ‘அக்கிலீஸ்’ 1948இல் இந்தியாவின் ‘டெல்லி’ ஆயிற்று. ‘நைஜீரியா’ 1957இல் ‘மைசூர்’ ஆயிற்று. கட்டி முடிக்கப்படாமல் கிடந்த ‘ஹெர்க்குலீஸ்’ 1957இல் வாங்கப்பெற்று, 1961இல் ‘விக்ராந்த்’ என்னும் பெயரில் கடற்படையில் சேர்ந்தது. விற்றவருக்குப் பழஞ்சரக்காக இருந்தது, வாங்கியவருக்கு ஒரு கடற்படையின் தொடக்கமாயிற்று. படம் இவ்விரண்டாவது பொருளை எண்ணிப் பார்க்கவேயில்லை. அதன் மெய்யான குறை இதுவே. செலவுச் சுருக்கமோ நடிகர் மாற்றமோ அன்று.

முடிவுரை

‘ஃபர்தர் அப் த கிரீக்’ முதற்படத்தின் இறுக்கத்தை எட்டவில்லை. எனினும் அது வெற்று நகலன்று. நிற்கும் கப்பலின் நகைச்சுவையை விற்கப்படும் கப்பலின் நகைச்சுவையாக வளர்த்ததில் அதற்குத் தனியிடம் உண்டு. 1959இல் பிபிசி வானொலியில் தொடங்கி 1977வரை நீடித்த ‘த நேவி லார்க்’ தொடர், கடற்படையைக் கேலி செய்யும் இம்மரபு மக்களிடையே எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டும். தன் வீழ்ச்சியைத் தானே கண்டு நகும் ஆற்றல் அம்மரபின் பெருமை. அவ்வீழ்ச்சியில் பிறர் எழுச்சியைக் காணத் தவறியது அதன் எல்லை. குறைந்த செலவில் எடுக்கப்பெற்ற இப்படம் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதால், ஆய்வுக்குரியதாகிறது.