மஞ்சள் கட்டம்

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் அட்டையைக் கையாளும் விதத்தை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும். அடுக்கி விரித்த துணியின் மேல் அட்டையை வைப்பார். ஓரத்தை ஒட்டிக் கோடு போடுவார். அட்டையை எடுத்துவிடுவார். கத்தி துணிக்குள் இறங்கும் நேரத்தில் அட்டை பத்திரமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் பனியன் வெட்டியான பிறகும் அதன் கழுத்து வளைவு முதல் நாள் இருந்த அதே வளைவுதான்.

அப்படி ஓர் அட்டையைச் சில மாதங்களுக்கு முன் கம்ப்யூட்டருக்குள் பார்த்தேன். காலேஜ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நிட்டிங் கம்பெனி. நூலை வாங்கித் துணியாக ஓட்டிக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் தொழில். அங்கே கணக்கு பார்க்கும் பெண் எக்ஸெல்லில் ஒரு பில் தயாரித்து வைத்திருக்கிறார். வேறு வேலையாகப் போனவன் வந்த வேலையை மறந்து, மெஷின் இரைச்சலுக்கு நடுவே அரை நாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகை பக்கம் என் கை போனதும் அவர் பதறிவிட்டார்.

“மஞ்சக் கட்டத்துல மட்டும் கை வைங்கண்ணா. மத்ததெல்லாம் பூட்டியிருக்குதுங்க.”

மஞ்சள் கட்டம் மொத்தம் ஏழு வகைதான். பில் நம்பர், தேதி, பார்ட்டி பெயர், டிசி (டெலிவரி சலான்) நம்பர், துணி விவரம், எடை, கிலோவுக்கு ரேட். அவ்வளவே. மற்றதெல்லாம் வெள்ளை, தொட்டால் திறக்காது. மேலே நடுவில் இருக்கும் பிள்ளையார் சுழி உட்பட.

“பிள்ளையார் சுழியையுமா பூட்டி வெச்சிருக்கீங்க?”

“யாராச்சும் டெலீட் பண்ணிட்டா என்னங்க பண்றது?”

இந்த ஊரில் பில் என்பது என்ன பாடு படும் என்று தெரிந்தால்தான் இந்தக் கவலை புரியும். ஒரு பனியனை ஒரே கூரையின் கீழ் முழுதாகச் செய்து முடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் ஊர் வளர்ந்தது அப்படி இல்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம்; பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயனிங். டெம்போவில் துணி இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு டிசி போகும், பின்னால் ஒரு பில் வரும். முன்பு அது கார்பன் பேப்பர் வைத்த பில் புக். இன்று அஞ்சு கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் 2023 ஆகஸ்ட் முதல் அரசு போர்ட்டலுக்கு அனுப்பி க்யூஆர் கோடு வாங்கித்தான் பில் கொடுக்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் டேலியோ வேறு சாஃப்ட்வேரோ இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சிறு பட்டறைகளில் எக்ஸெல் இன்னும் வாழ்கிறது.

வாழும் விதம் பெரும்பாலும் இப்படி: போன வாரப் பில்லைத் திறப்பார்கள், பெயரை மாற்றுவார்கள், எடையை மாற்றுவார்கள், பிரிண்ட் கொடுப்பார்கள். போன பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் அப்படியே தங்கிவிடும். அட்டையையே வெட்டுவது என்று நான் இதைச் சொல்வேன். இந்தப் பெண்ணின் கோப்பு டெம்ப்ளேட்டாகச் சேமிக்கப்பட்டது. இரண்டு முறை சொடுக்கினால் திறப்பது ஒரு நகல். பெயருக்குப் பின்னால் 1 என்று ஒட்டிக்கொண்டு வரும். மூலம் ஆணியில் தொங்குகிறது.

இனி உள்ளே போகலாம். எனக்கு முதலில் பிடித்தது 33.

தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்கள் எல்லாம் 33இல்தான் தொடங்கும். வாட் காலத்து டின் எண்ணும் அப்படித்தான் தொடங்கியது. ஆகவே திருப்பூர்க்காரருக்கு அது பழகிய முகம். கேரளம் 32, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27. இந்தத் தாளில் வரிக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஃபார்முலா, பார்ட்டியின் பதினைந்து எழுத்து எண்ணில் இடப்பக்கம் இரண்டை மட்டும் கிள்ளிப் பார்க்கிறது. 33 என்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரிக்கும். வேறு எண் என்றால் ஐஜிஎஸ்டி 5 என்று ஒரே வரியில் போடும். உள்ளூர்ப் பார்ட்டியா, மும்பைப் பார்ட்டியா என்று பில் போடுபவர் யோசிக்கவே வேண்டாம்.

நயம் அதில்கூட இல்லை. அந்த 33ஐ இரட்டை மேற்கோளுக்குள் அடைத்திருக்கிறாரே, அதில் இருக்கிறது. கிள்ளி எடுத்தது எழுத்து. மேற்கோள் இல்லாத 33 எண். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எக்ஸெல்லுக்கு இரண்டும் சம்பந்தமில்லாத ஆட்கள். மேற்கோளை விட்டுவிட்டால் அடுத்த தெருப் பார்ட்டிக்கும் ஐஜிஎஸ்டி விழும். “ஒரு மாசம் விழுந்துதுங்க” என்றார். ஆடிட்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தத் தாளைப் படிக்கும் முறை பிடிபட்டது. ஒவ்வொரு கட்டமும் என்றோ நடந்த ஒரு தப்பின் தழும்பு. தழும்பைத் தொட்டுத் தொட்டுக் கதை கேட்டேன்.

தேதிக் கட்டம் மஞ்சள். இன்றைய தேதியைத் தானே காட்டும் ஃபார்முலா இருக்கிறதே, அதை ஏன் போடவில்லை? போட்டிருந்தாராம். மூன்று வாரம் கழித்து ஒரு பார்ட்டி காப்பி கேட்க, பழைய பில்லைத் திறந்தால் அதில் அன்றைய தேதி. இப்போது கண்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்துகிறார். தேதி விழுந்து அங்கேயே உறைந்துவிடுகிறது.

பார்ட்டி பெயர்க் கட்டத்தைச் சொடுக்கினால் பட்டியல் விரியும். தேர்ந்தெடுத்தால் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இன்னொரு ஷீட்டிலிருந்து ஓடி வரும். அதைக் கொண்டுவரும் வி-லுக்அப் ஃபார்முலாவின் கடைசியில் ஒரு பூஜ்யம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் எடு என்பதற்கான கட்டளை அது. பூஜ்யத்தை மறந்தால் எக்ஸெல் ‘கிட்டத்தட்ட’ ஒத்துப்போகும் பெயரை எடுத்துக்கொள்ளும். பாதி கம்பெனிகள் ஸ்ரீயில் தொடங்கி, மீதி டெக்ஸிலும் நிட்ஸிலும் முடியும் ஊரில் ‘கிட்டத்தட்ட’ என்பது எவ்வளவு பெரிய ஆபத்து!

எடைக் கட்டத்தில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். 412.35 என்று தட்டினால் 412.350 என்று நிற்கும். எடை மெஷின் சீட்டில் இருக்கும் அதே உருவம். சீட்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் கண் ஒரு நொடிகூடத் தடுக்காது. துணி ஒரே வகை என்றால் கீழே ஏழு வரி காலி. அந்தக் காலி வரிகளில் 0.00, 0.00 என்று வரிசையாகக் காட்டும் பில்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிவதுபோல் இருக்கும். இங்கே எடை காலியென்றால் தொகையும் காலி என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு நிபந்தனை. வெறுமை வெறுமையாகவே இருக்கிறது.

இப்போது அந்த ஒரு பைசா. கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 412.350 கிலோவுக்கு 4,948.20. அதில் இரண்டரை சதவீதம் 123.705. கட்டத்தில் இரண்டு தசமம்தான் தெரியும், ஆகவே 123.71 என்று காட்டும், மத்திய வரிக்கு ஒன்று, மாநில வரிக்கு ஒன்று. பார்ட்டி கால்குலேட்டரில் கூட்டினால் 5,195.62. எக்ஸெல்லோ உள்ளே மறைந்திருக்கும் அந்த அரைப் பைசாக்களையும் நினைவில் வைத்துக் கூட்டி 5,195.61 என்று காட்டும். தப்பு யார் மேலும் இல்லை. ஆனால் பில் திரும்பி வரும். ஒரு பைசாவுக்காகச் செக் நின்ற கதை இந்த ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. அதனால் இரண்டு வரிக் கட்டத்துக்குள்ளும் ரவுண்ட் என்ற சொல்லைப் போட்டுத் தெரிவதையும் இருப்பதையும் ஒன்றாக்கியிருக்கிறார். கடைசியில் ரவுண்ட் ஆஃப் 0.38 தனி வரியாக வந்து, மொத்தம் 5,196.

இதையெல்லாம் தாண்டி என்னை உட்கார வைத்தது அந்த 5,196க்குக் கீழே உள்ள வரி. “ஐயாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய் மட்டும்.” தமிழில், தானாக.

தொகையை எழுத்தில் எழுத எக்ஸெல்லில் தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு ஃபார்முலா உண்டு. பாத் தொகையைத் தாய் மொழியில் எழுதிக் கொடுக்கும். நமக்கு ரூபாயும் கிடையாது, தமிழும் கிடையாது. எங்கிருந்தோ எடுத்த மேக்ரோவை ஒட்டி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதுதான் பொது வழக்கம். ஆங்கிலத்துக்கு அது சுலபம். ஆயிரத்துக்கான சொல் எங்கே வந்தாலும் ஒரே சொல். தமிழில் 5,000 ஐயாயிரம். அடுத்து ஏதாவது வந்தால் ஐயாயிரத்து. 100 நூறு, தொடர்ந்தால் நூற்று. தொண்ணூறு ஆறோடு சேர்ந்தால் தொண்ணூற்றாறு. எண்ணுப்பெயர்கள் இப்படி உருமாறுவதற்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் சூத்திரம் சூத்திரமாக எழுதியிருக்கிறார்.

இவர் தொல்காப்பியத்துக்குப் போகவில்லை. மறைத்து வைத்த ஒரு ஷீட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறார். ஒன்றின் தலைப்பு ‘நின்னா’, இன்னொன்றின் தலைப்பு ‘தொடர்ந்தா’. நின்னா பத்தியில் நூறு, இருநூறு, தொள்ளாயிரம், ஆயிரம், லட்சம். தொடர்ந்தா பத்தியில் நூற்று, இருநூற்று, தொள்ளாயிரத்து, ஆயிரத்து, லட்சத்து. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை தனியாக, கையால் தட்டியது. ஃபார்முலா செய்வது ஒன்றே: மீதி இருக்கிறதா என்று பார்க்கிறது, இருந்தால் தொடர்ந்தா, இல்லாவிட்டால் நின்னா. புணர்ச்சி விதியை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. “நூற்றுக்குப் பின்னாடி ‘த்’ வரணுமான்னுதாங்க ரொம்ப நாள் சந்தேகம்” என்றார். தொண்ணூறு வரும்போது வர வேண்டும்; வந்திருக்கிறது. எழுபது வரும்போது வரக் கூடாது, வரவில்லை. பார்க்கப்போவது செக் எழுதும் ஒருவர். அவர் அந்த ‘த்’தைக் கவனிக்கப் போவதில்லை.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. கம்பெனிப் பெயர் நிழலோடு வளைந்து நெளிந்த எழுத்தில் நிற்கிறது. முதலாளியின் ஆசையாம். விட்டுவிடலாம்.

தாளின் கீழ்ப்பக்கம் அடக்கமானது. வலது மூலையில் கையெழுத்துக்கு இடம். ரப்பர் ஸ்டாம்ப்பை ஸ்கேலால் அளந்து அந்த வரியின் உயரத்தை வைத்திருக்கிறார். முத்திரை எந்த எழுத்தின் மேலும் ஏறாது. இடது பக்கம் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு எண்ணும், ‘செலுத்த வேண்டிய நாள்’ என்று ஒரு தேதியும். பில் தேதியோடு 45ஐக் கூட்டியது. சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராத பார்ட்டி, அதைத் தந்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தை, 43பி(எச்) என்று ஊரே பேசியது. பணம் கேட்கப் பார்ட்டிக்குப் போன் போட்டால் ஒரு சங்கடம். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு தேதி மட்டும் சின்ன எழுத்தில் நிற்கிறது.

இதே அட்டையில் ஒரு பிரதியை அவருடைய சித்தப்பா மகன் ஊரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் தன் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கிலோவுக்குப் பதில் பீஸ். மற்றபடி எலும்பு ஒன்றே. ஆயத்த ஆடைக்கு ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், மேலே 12 என்று இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறியது. ஆயிரத்தை ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவர்கள் வரிவரியாகத் தேடித் திருத்தினார்கள். இந்தப் பெண்ணோ வரம்பையும் விகிதத்தையும் தனி ஷீட்டில் இரண்டு கட்டத்தில் வைத்திருந்தார். இரண்டு எண்ணை மாற்றினார், டீ குடித்தார். காதர்பேட்டையில் ஒரு பனியன் 2,500 ரூபாய்க்கு மேல் விலை போனால் கடைக்காரரே மயங்கி விழுவார் என்பது வேறு விஷயம். யாரும் நுழையாத அந்தக் கதவுக்கும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

ஒரு எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எல்லா எண்ணும் தானே திருந்த வேண்டும் என்ற ஆசை, ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்குக் கரும்பலகையைப் பார்த்துத் தோன்றியதாம். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் விசிகால்க்கைக் கொண்டுவந்தார். ‘நின்னா’, ‘தொடர்ந்தா’ பத்திகளை அவருக்குக் காட்ட ஆசையாக இருக்கிறது.

கிளம்பும்போது ஒரு பில் பிரிண்ட் எடுத்துக் காட்டினார். ஜாப் ஒர்க் சேவை என்பதால் இரண்டு பிரதி போதும். சரக்கு விற்றால்தான் மூன்று. காகிதத்தில் மஞ்சளைக் காணோம். பேஜ் செட்டப்பில் கருப்பு வெள்ளை என்று ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறார். நிறம் பில் போடுபவருக்கு மட்டும், பார்ட்டிக்கு வெறும் வெள்ளைத் தாள்.

ஏப்ரல் முதல் தேதி மட்டும் கதை வேறாம். அன்று பூட்டைத் திறந்து, வருடத்தை மாற்றி, பில் நம்பரை 0001க்குக் கொண்டுவருவார். முதல் பில் பிரிண்டரிலிருந்து சூடாக வந்ததும் கம்பெனி காப்பியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குழைத்த மஞ்சளை விரலில் தொட்டு நாலு மூலையிலும் ஒரு பொட்டு வைப்பாராம்.