தாத்தாவின் இரண்டு ஏக்கங்கள்

யப்பானில் பிறந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்த ஆலன் சே எழுதி வரைந்த சிறுவர் நூல் 'தாத்தாவின் பயணம்' (1993). கலிபோர்னியாவில் வாழ்ந்து யப்பான் திரும்பிய தாத்தா, பேரனிடம் தான் விட்டுவந்த கலிபோர்னியாவைப் பற்றியே கதைக்கிறார். யுத்தத்தில் வீடு அழிகிறது. பிறகு அவர் பாடும் பறவைகளை வளர்ப்பதில்லை. இழப்பைச் சொல்ல ஆசிரியருக்கு இவ்வளவும் போதுமாயிருக்கிறது.

இலண்டனில் நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் கிணற்றடிக்கும் பனங்காணிக்கும் குறைவில்லை. 1981இல் எரிந்த யாழ் நூலகமும் வரும். ஆனால் ஊருக்குப் போய் நின்றபோது ஈஸ்ற்ஹாம் தெரு நினைவில் வந்ததை எந்த அப்பப்பா சொல்கிறார்? அதை ஏதோ துரோகம் போல மறைக்கிறோம். சேயின் தாத்தா மறைக்கவில்லை. பேரனும் வளர்ந்து கலிபோர்னியா போகிறான். அங்கிருந்துகொண்டு யப்பானுக்கு ஏங்குகிறான்.

ஒரு குறை: 1942 முதல் அமெரிக்கா தன் யப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததை நூல் தொடவேயில்லை. தாத்தா முன்பே திரும்பிவிட்டார்தான். பேரனுக்குமா தெரியாது?