தயிர் சாதமும் உண்ணிக்காய்ச்சல் மாத்திரையும்

நாய்க்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது வயிறு கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: தயிர் சாதம் போடுங்க. வீடியோக்களில் அதுதான், கள்ளக்குறிச்சி மெடிக்கல் கடையில் அதுதான், பக்கத்து வீட்டு அக்கா சொல்றதும் அதுதான். கேட்க நல்லா இருக்கு, செலவும் இல்லை. இந்த ஒரு வரி அறிவுரையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. ஏன்னா, நம்ம ஊர் நாய்களுக்கு உண்மையிலேயே உயிர் காக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு. அதோட சேர்த்துக் கொடுக்கக்கூடாத சாப்பாடு எதுன்னு பார்த்தா, இதே தயிர்தான் முதல்ல வருது.

மாத்திரையின் பெயர் டாக்ஸிசைக்ளின். உண்ணிக்காய்ச்சலுக்குக் கொடுப்பது. நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற பாக்டீரியாவை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. அது வெள்ளை அணுக்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகும். தட்டணுக்கள் குறையும். நாய் சோறு தொடாது, காய்ச்சல் வரும், முற்றினால் மூக்கில் ரத்தம் வடியும். இந்த உண்ணி சுவர் இடுக்கிலும் திண்ணை ஓரத்திலும் முட்டையிடுவதால், நாயை மட்டும் குளிப்பாட்டி விட்டால் போதாது. கல்வராயன் மலை ஊர்களில் நாயை யாரும் கூண்டில் வைத்து வளர்ப்பதில்லை. ஆட்டோட போகும், கொல்லைக் காவலுக்குப் படுக்கும், நாலு வீட்டுத் திண்ணையில் தூங்கும். உண்ணி ஏறத்தான் செய்யும்.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்கள் அமைப்பு 2002-ல் வெளியிட்ட கருத்தறிக்கை, எர்லிக்கியாவுக்கு டாக்ஸியை 28 நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்கிறது. இருபத்தெட்டு நாள்! நாலாவது நாளே நாய் எழுந்து வாலாட்டும். அங்கேயே நிறைய வீடுகளில் மாத்திரை நின்றுபோகும். அது தனிக் கதை. 28 நாளும் ஒழுங்காகக் கொடுப்பவர்கள் எதில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பொடித்துப் பாலில் கரைப்பார்கள், இல்லாவிட்டால் தயிர்சாத உருண்டைக்குள் அமுக்குவார்கள்.

டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் கால்சியத்தைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டுப்பொருளைக் குடலால் உறிஞ்ச முடியாது, அப்படியே வெளியே போய்விடும். மனிதர்களிடம் செய்த சோதனைகளில், பாலோடு சேர்த்தால் பழைய டெட்ராசைக்ளின் பாதிக்கு மேல் வீணானது. டாக்ஸி அவ்வளவு மோசமில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 'அவ்வளவுதானே' என்று தோன்றலாம். ஆனால் எடை போடாமல், 'ஒரு பதினஞ்சு கிலோ இருக்கும்' என்று குத்துமதிப்பாக அளவு சொல்லி வாங்கிய மாத்திரை அது. அதில் ஐந்தில் ஒன்றைத் தினமும் தயிருக்குத் தானம் பண்ணினால், மருந்து ரத்தத்தில் எட்ட வேண்டிய அளவை எட்டுமா என்பது சந்தேகம்தான். நோய் அடங்கின மாதிரி அடங்கி மறுபடி தலைதூக்கும், நாம் மாத்திரையைக் குறை சொல்வோம். என்ரோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகைக்கும் கால்சியம் ஆகாது.

மலையில் இன்னொன்றும் உண்டு: கேழ்வரகுக் களி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம், தயிரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் எவ்வளவு மருந்தைப் பிடிக்கும் என்பது வேறு கணக்கு, ஆனாலும் மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைக்காமல் இருக்க இந்தக் காரணம் போதும். சாமைச் சோறோ அரிசிச் சோறோ பரவாயில்லை, கூடக் கொஞ்சம் கறிச்சாறோ அவித்த முட்டையோ சேர்க்கலாம். வெறும் வயிற்றில் டாக்ஸி கொடுத்தால் வாந்தி எடுக்கும், அதனால் சாப்பாடு அவசியம். முழு மாத்திரையாகப் போட்டால் பின்னாலேயே தண்ணி ஊற்றுங்க. தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும், முக்கியமாகப் பூனைகளுக்கு.

சரி, தயிர் குடலுக்காவது நல்லது செய்யுதா? தயிரில் இருப்பதும் பாக்டீரியாதான். நாம் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் அதையும் விட்டுவைக்காது. தப்பிப் பிழைப்பதும் நாயின் குடலில் நிலையாகத் தங்குவதில்லை. மாத்திரைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, செரித்தால், உணவாகக் கொடுக்கலாம். மருந்து என்று நம்ப வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி பூலார் 1920-களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் ஒன்று, சாக்கரோமைசஸ் பூலார்டி என்ற பெயரில் மெடிக்கலில் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஈஸ்ட் என்பதால் பாக்டீரியா மருந்து அதைக் கொல்லாது. ஆன்டிபயாட்டிக்கோடு கொடுப்பதற்குத் தயிரைவிட இதில் தர்க்கம் இருக்கு. ஆனால் நாய்க் கழிச்சலுக்குப் புரோபயாட்டிக் எதுவும் பெரிய அதிசயம் காட்டியதாக ஆய்வுகள் சொல்லவில்லை.

தயிர் சாத அறிவுரை மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேற இடத்தில் இருக்கு. 'அந்த ஆன்டிபயாட்டிக் எதுக்கு?' என்ற கேள்வியையே அது கேட்பதில்லை. நாய்க்கு ரெண்டு தரம் வயித்தால போனால், கடையில் மெட்ரோனிடசோல் கிடைக்கிறது. எனோவாட் என்ற ஐரோப்பியக் கால்நடை மருத்துவ வலையமைப்பு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது: லேசான, நடுத்தரமான திடீர்க் கழிச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். தீவிரம் என்பதை ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, நாய் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். 2020-ல் வெளியான டெக்சாஸ் ஆய்வு ஒன்றில் நலமான நாய்களுக்கு 14 நாள் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். நிறுத்தி நாலு வாரம் ஆகியும் குடல் பாக்டீரியாக் கூட்டம் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தானாக நாலைந்து நாளில் அடங்கக்கூடிய கழிச்சலுக்கு வாரக்கணக்கில் குடலைக் கலைக்கிற மருந்து, அதற்குப் பிராயச்சித்தமாகத் தயிர் சாதம்!

பார்வோ வேறு. தடுப்பூசி போடாத குட்டி, விடாத வாந்தி, நாற்றமடிக்கிற ரத்தக் கழிச்சல் என்றால் தாமதிக்கக்கூடாது. நோய் வைரஸால்தான். ஆனால் அது குடல் சுவரையும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து அழிப்பதால், குடல் பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடும். அங்கே ஆன்டிபயாட்டிக் ஊசியும் குளுக்கோஸும் தேவை, தயிருக்கு வேலையே இல்லை.

கடைக்காரரை மட்டும் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி வருகிறவருக்கு, பெரும்பாலும் வழியில் பதில் சொல்ல ஆள் இருக்கிற இடம் அந்தக் கடைதான். 1962-க்குப் போன் பண்ணினால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு என்பதே பலருக்கு மாட்டுக்கான சேவையாகத்தான் மனதில் இருக்கு. சின்னசேலம் தாண்டினால் தலைவாசல், அங்கே 2021-ல் திறந்த பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம். மலைக்காரர் கையில் கிடைக்கிற மாதிரி ஒரு பக்கத் தமிழ்த் தாள் எழுத அதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. அதுவரைக்கும், மாத்திரைக் கவர் மேல் 1-0-1 என்று எழுதுகிற அதே பேனாவால் கடைக்காரர் இன்னும் ஒரு வரி எழுதலாம்: பால், தயிர், களியோடு வேண்டாம், சோத்தோட கொடுங்க.