புளியங்கரி

பெங்களூர் குமார கிருபா சாலையில், 1960-இல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் கூடங்களில் மைசூர் பாணிச் சித்திரங்களைக் காணச் செல்வோர் பொற்தகட்டின் ஒளியிலும் தேவியின் முகத்துச் சாந்தத்திலும் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பே; எனக்கோ, அந்தப் பொன்னுக்கும் வர்ணத்துக்கும் முன்னதாக வந்து, தன் பணி முடிந்ததும் துடைத்தெறியப்பட்ட புளியங்கரியின் மீதே தீராத மோகம்.

புளியின் மெல்லிய மிலாறுகளை நறுக்கி இரும்புக் குழாயிலிட்டுத் தீயில் வைப்பது பழைய வழக்கம். உள்ளே காற்றோட்டம் இல்லாமையால் குச்சி சாம்பலாகாமல், கணுவும் வளைவும் குலையாமல், அப்படியே கரியாகிவிடுகிறது. ஆறியபின் விரலிடையில் எடுத்தால் எடையே தெரியாது. தாளில் இழுத்தாலோ, மெல்லிய சரசரப்போடு கருங்கோடு விழும். கரித்தூள் தாளின் மேடுகளில் மட்டும் படிய, பள்ளங்களில் வெண்மை அப்படியே தங்கியிருக்கும்.

கிராஃபைட்டைக் களிமண்ணோடு குழைத்துச் சுடும் முறைக்கு 1795-இல் பிரான்சில் காந்தே என்பவர் காப்புரிமை பெற்றது முதல், பென்சிலின் கடினமும் கருமையும் களிமண்ணின் அளவால் தீர்மானிக்கப்படுகின்றன. அந்த நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பென்சில் அழுத்திய தடம் ரப்பரால் தேய்த்த பிறகும் தாளில் பள்ளமாக நிற்கிறது. கரிக்கோடோ துணியால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே சித்திரக்காரன் ஒரு தோளின் சரிவை அச்சமின்றித் திரும்பத் திரும்பத் தேடலாம். சரியான கோடு அகப்பட்டதும் அணில்மயிர்த் தூரிகையால் அதை நிலைப்படுத்தலாம். நீரைத் தன் வயிற்றில் தேக்கிக்கொண்டும் நுனி கலையாமல் நிற்கும் அத்தூரிகை, கரி கண்டுபிடித்ததைக் காப்பாற்றும் கருவி.

மைசூர் பாணிக்கு இந்தத் தேடல் மிக அவசியம். தஞ்சாவூர்ப் படங்களில் சுண்ணப்பூச்சு தடித்து எழும்பி நிற்கும்; மைசூரிலோ, வெள்ளைப் பொடியும் பிசினும் சேர்ந்த பூச்சு தாழ்ந்த மேடாகவே அமைவதால், ஆடையின் சரிகையும் ஆபரணத்தின் மணியும் கோட்டின் திறத்தாலேயே துலங்க வேண்டும்; கோடு தளர்ந்தால் பொன்னாலும் மறைக்க இயலாது.

இத்தகைய கோட்டுத் திறம் கைவந்த அரசவைச் சித்திரக்காரர் மரபில் பிறந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத தாகூரிடம் பயின்று, உதகையையும் கொடைக்கானலையும் நீர்வர்ணத்தில் தீட்டிய கே. வெங்கடப்பாவின் (1886–1965) பெயரால் கஸ்தூரிபா சாலையில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. அவருடைய மலைச்சரிவுகளில், வர்ணம் எவ்வளவு கரைந்து மூடுபனியானாலும், விளிம்பு ஓரிடத்திலும் தடுமாறுவதில்லை. அந்த உறுதி மரபுவழிக் கைப்பழக்கத்தின் சீதனம் என்றே கருதுகிறேன்.

இப்போது கடைகளில் கிடைக்கும் கரிக்குச்சிகளில் குறையொன்றும் இல்லை. எனினும் புளியமரத்துக்குப் பஞ்சமில்லாத இந்நாட்டில், சித்திரம் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையேனும் தன் கரியைத் தானே சுட்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.