அடியை முடிக்காமல் விடும் கலை

ஓர் ஓநாய் இன்னோர் ஓநாயின் மேல் பாய்கிறது. எல்லாம் எழுத்தில்தான். பாயும் ஓநாயின் பெயர் சாம்பல், அதை எழுதுபவர் ஒருவர். பாய்ச்சலை எதிர்கொள்ளும் ஓநாயை எழுதுபவர் எங்கோ வேறு ஊரில், வேறு நேரத்தில் விழித்திருக்கும் இன்னொருவர். முதலாமவர் “சாம்பல் அவன் தொண்டையைக் கவ்விக் கிழித்தது” என்று எழுதினால் ஆட்டம் அங்கேயே செத்தது. “சாம்பல் பின்னங்கால்களை ஊன்றி எழும்பி, திறந்த வாயை அவன் தொண்டைக்கு நேரே கொண்டுபோனது” என்று எழுதி நிறுத்தினால் ஆட்டம் பிழைத்தது. பல் பதிந்ததா, தப்பியதா, தோள்மயிர் மட்டும் வாயோடு வந்ததா என்பதை எதிராளி எழுதுவார். எழுதும்வரை சாம்பல் அந்தரத்தில் நிற்கும்.

இணையத்தில் கூடி விலங்குகளாக எழுதி ஆடும் ரோல்பிளே குழுக்களுக்கு நீளநீளமான விதிப் பட்டியல்கள் உண்டு. அவற்றின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது: என் விலங்கின் உடம்பை நான் எழுதுவேன், உன் விலங்கின் உடம்பை நீ எழுது. அடுத்தவர் விலங்குக்கு நேர்வதையும் தானே எழுதிவிடுவது ‘பவர்பிளே’. எந்த அடியும் தன் விலங்கின் மேல் படாதபடி பார்த்துக்கொள்வது ‘காட்மாட்’. இரண்டையும் ஆட்டக்காரர்கள் மரியாதைக் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கு அவை ரசனைக் குறைவாகவும் படுகின்றன. அடியை முடித்துவிட்ட வரி தட்டையானது. அடுத்து என்ன என்ற கேள்வியே அதில் இல்லை. முடிக்காமல் விட்ட வரியில் இரண்டு பேருடைய கற்பனை சந்திக்க இடம் இருக்கிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் அழகு இன்னும் கூடும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொன்னது, நடுவராக ஒருவர் அமர்ந்திருந்தார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற எழுத்து விளையாட்டில் கணினியே கணக்குப் போட்டது. 1989இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய ‘டைனிமட்’டோ சண்டையையும் புள்ளிகளையும் பின்னுக்குத் தள்ளியது. மக்கள் அங்கே கூடினார்கள், அறைகள் கட்டினார்கள், பேசினார்கள். அந்த மரபில் 1990இல் பிறந்தது ‘ஃபர்ரிமக்’. அதில் நுழைந்தவர்கள் நரியாகவும் பூனையாகவும் உலவினார்கள். பகடை இல்லை, நடுவர் இல்லை. அடி பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், அடிபட்டவரே சொல்லட்டும் என்று விட்டுவிடும் நாகரிகம் வேர் பிடித்தது.

அந்த எழுத்து உலகங்களில் ஒரு சின்ன வசதி இருந்தது. முக்காற்புள்ளி தட்டி “வாலை ஆட்டுகிறது” என்ற பொருளில் ஒரு தொடரை அடித்தால், முன்னால் உங்கள் பாத்திரத்தின் பெயரைச் சேர்த்துக் கணினி எல்லோருக்கும் காட்டும். ‘நான்’ மறைந்து பெயர் முன்வந்துவிடும். தன்னைத் தானே வெளியே நின்று பார்த்து எழுதும் பழக்கம் இப்படித்தான் படிந்தது. இன்றைய விலங்கு ரோல்பிளேயிலும் பெரும்பாலும் படர்க்கையில்தான் எழுதுகிறார்கள்.

படர்க்கையில் எழுதினால் மட்டும் விலங்கு வந்துவிடாது. “சாம்பலுக்குக் கோபம் வந்தது, தன்னை அவமதித்துவிட்டதாக நினைத்தது” என்று எழுதுபவர் ஓநாய்த் தோலுக்குள் ஒரு மனிதனை உட்கார வைத்திருக்கிறார். தேர்ந்தவர் காதை எழுதுவார், வாலை எழுதுவார். காதுகள் நிமிர்ந்து முன்னோக்கின, உதடு சுருங்கி மேல்பற்கள் தெரிந்தன, வால் முதுகின் மட்டத்துக்கு உயர்ந்து விறைத்தது. கோபம் என்ற சொல் தேவைப்படவில்லை. எதிரே நிற்பவரும் அதே மொழியில் பதில் சொல்வார்: உடம்பைத் தாழ்த்தி, வாலைக் கால்களுக்கு இடையில் செருகி, பெரியதன் மோவாயை நக்கிப் பணியும் இளைய ஓநாயாக. சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைக் காட்டுகிறார். யானை என்ன நினைத்தது என்று அவர் சொல்லவில்லை, செய்ததை மட்டும் சொன்னார். நல்ல ரோல்பிளே வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த யானை நினைவுக்கு வரும்.

விலங்கின் உடம்புக்குள் நின்றால் மட்டும் போதாது, அதன் அறிவுக்குள்ளும் நிற்க வேண்டும். இதில் இரண்டு நாவல்கள் ஆட்டக்காரர்களுக்கு ஆசான்கள். ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் எழுதிய ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலின் முயல்களுக்கு நான்கு வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் ‘நிறைய’. 2003இல் தொடங்கிய ‘வாரியர்ஸ்’ வரிசையில் காட்டுப் பூனைகளுக்கு மனிதன் ‘இருகாலி’, வண்டி ‘அசுரன்’, தார்ச்சாலை ‘இடிப்பாதை’. எரின் ஹன்டர் என்ற பெயரில் பலர் சேர்ந்து எழுதும் அந்த வரிசையைப் படித்த பிள்ளைகள், தாங்களே பூனைகளாகி எழுத இறங்கினார்கள். அவர்களுடைய ஆட்டங்களில் ஆறு மாதக் குட்டிக்குத்தான் பயிற்சிப் பெயர் கிடைக்கும், தேறிய பிறகுதான் வீரப்பெயர், தலைமைப் பூனைக்கு மட்டுமே ஒன்பது உயிர். புதிதாக வந்தவர் முதல் நாளே தலைவராகிவிட முடியாது. படிநிலைக்குள்ளேயே பணிவு தைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான விதி உண்டு. இரண்டு பூனைகள் ஆற்றங்கரையில் ரகசியம் பேசியதை நான் படித்திருக்கிறேன், ஏனென்றால் எல்லாக் காட்சியும் என் திரையில் வருகிறது. ஆனால் மலைச்சரிவில் தூங்கிக்கொண்டிருந்த என் பூனைக்கு அது தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் அது ‘மெட்டா’ குற்றம். எனக்குத் தெரிந்ததை என் விலங்குக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டே, அதை ஆபத்தை நோக்கி நடத்திச் செல்ல வேண்டும். துரோகம் காத்திருக்கும் குகைக்குள் தன் பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு நம்பிக்கையோடு நுழைவதை எழுதும் ஆட்டக்காரரைப் பார்த்து நான் மலைத்திருக்கிறேன்.

ஓநாய்க் கூட்ட ஆட்டங்களில் ஒரு குறை வெகுகாலம் இருந்தது. எல்லாக் கூட்டத்திலும் ‘ஆல்ஃபா’ என்ற ஒரு தலைமை ஓநாய் இருக்கும், அதை வீழ்த்த யாரோ ஒருவர் எப்போதும் சண்டைக்கு நிற்பார். இந்தப் படிமம் அறிவியலிலிருந்தே வந்தது. 1947இல் ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தம் புத்தகத்தின் வழியாக அதைப் பரப்பினார். பிறகு அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களின் அருகில் இருந்து பார்த்து, 1999இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள். தலைமைக்காக யாரும் அடித்துக்கொள்வதில்லை, பெற்றோராக இருப்பதே தலைமை. பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார்.

இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட குழுக்களின் ஆட்டம் எவ்வளவு கனிந்துவிட்டது என்பதைப் படித்தால்தான் தெரியும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டுக்கு 1995இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நிலத்தையே களமாக வைத்து, மின்னசோட்டா விலங்குக் காட்சிசாலையின் முயற்சியில் 2007இல் ‘வுல்ஃப்குவெஸ்ட்’ என்ற கணினி விளையாட்டு வந்தது. துணை தேடுவது, குட்டிகளுக்கு இரை கொண்டுவருவது என்று குடும்ப வாழ்க்கையாகவே அது அமைந்தது. எழுத்து ஆட்டங்களிலும் இந்த வகைதான் என் மனசுக்குப் பிடித்தது. மான் கூட்டத்தைத் துரத்தித் தோற்றுத் திரும்பும் தாய் ஓநாய், கண் திறக்காத குட்டிகள் கிடக்கும் வளை, பசியோடு வாயை நக்கும் குட்டிக்குத் தன் இரைப்பையிலிருந்து கக்கிக் கொடுக்கும் தகப்பன். அரியணைச் சண்டை நூறு படித்தாலும் இதில் ஒரு காட்சிக்கு ஈடாகாது.

இனி, தோற்பதைப் பற்றி. ஓர் ஆட்டக்காரரை நான் எடைபோடுவது அவர் தோற்கும் விதத்தை வைத்துத்தான். தோளில் கடி விழுகிறது. சாமானியர் “சிறு கீறல்தான், எழுந்து நின்றது” என்று எழுதிவிட்டுத் திருப்பி அடிப்பார். தேர்ந்தவர் இடது முன்னங்கால் ஊன்ற மறுப்பதை எழுதுவார். அதைவிடப் பெரிய விஷயம், அடுத்தடுத்த காட்சிகளிலும் அந்தக் காலை மறக்க மாட்டார். பனியில் நடக்கும்போது அது பின்தங்கும். ஆற்றைக் கடக்கும்போது கரையில் நின்று தயங்கும். மற்றவர்கள் சொல்லாமலே தங்கள் விலங்குகளின் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருவர் மனமுவந்து வாங்கிக்கொண்ட காயம் எட்டுப் பேருடைய எழுத்தை மாற்றிவிடும். சம்மதம் இல்லாமல் யாருடைய விலங்கையும் கொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி இருப்பதால்தான், தானாக முன்வந்து தன் விலங்கைச் சாகக் கொடுப்பவரின் காட்சிக்கு அவ்வளவு கனம்.

பாத்திரத்துக்கு வெளியே பேச வேண்டியதை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். ‘ஓ.ஓ.சி.’ என்பார்கள். உள்ளே இரண்டு ஓநாய்கள் ஒன்றையொன்று குதறிக்கொண்டிருக்கும், அடைப்புக்குறிக்குள் “கடி ஆழமாகப் பட்டதாக வைத்துக்கொள்ளலாமா? நாளைக்குப் பரீட்சை, இரவுதான் பதில் எழுதுவேன்” என்று பேச்சு ஓடும். இந்த இரண்டு தளங்களும் கலக்காமல் இருப்பதே குழுவின் ஆரோக்கியம். உண்மையான மனத்தாங்கலை ஓநாயின் பல்லில் ஏற்றி அனுப்பியவர்களால் குலைந்த குழுக்கள் உண்டு. முறை வரும்வரை காத்திருப்பது, வராமல் போனவரின் விலங்கை நகர்த்தாமல் தூங்கவிடுவது, அடுத்தவர் பற்றிக்கொள்ள ஒரு முறிந்த கிளையின் சத்தத்தையோ காற்றில் ஒரு ரத்த வாடையையோ விட்டுச் செல்வது ஆகியவையும் இந்த வகை மரியாதைகளே.

ஆடுபவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் சட்டம் வந்தது. பல குழுக்களின் வயது வரம்புக்கு அதுவே அடிப்படை. சொந்தப் பெயர், பள்ளி, ஊர் சொல்லாதே, வற்புறுத்திக் கேட்பவரிடம் பேசாதே, பெரியவர்களுக்கான காட்சிகள் இங்கே கூடாது. இவற்றில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. முகமூடி பாதுகாப்பாக இருந்தால்தான் பிள்ளை அதற்குள் துணிந்து ஆடும்.

இந்த மரியாதைகள் எல்லாவற்றையும் சொல்லே இல்லாமல் செய்து காட்டிய ஒரு படைப்பும் உண்டு. பெல்ஜியத்தில் இயங்கிய ஒரியா ஹார்வி, மிகாயேல் சமீன் என்ற இருவர், லக்சம்பர்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்காக உருவாக்கி 2005இல் வெளியிட்ட ‘தி எண்ட்லெஸ் ஃபாரஸ்ட்’. அதில் நுழையும் ஒவ்வொருவரும் மனித முகச்சாயல் கொண்ட ஒரு மான். தட்டச்சு செய்து பேச வழியில்லை. பெயர்கூட எழுத்தில் இல்லை, கொம்புகளுக்கு இடையே ஒரு குறியீடாக மிதக்கும். கனைக்கலாம், தலை தாழ்த்தலாம், ஆடலாம், பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். காட்டின் மந்திரத்தால் ஒரு மானின் தோற்றத்தை மாற்ற முடியும், ஆனால் தன்மீது தானே அதைப் போட்டுக்கொள்ள முடியாது. புதிய கோலம் வேண்டுமென்றால் இன்னொரு மான் மனம் வைக்க வேண்டும். அறிமுகமில்லாத இருவர் ஒரு குளத்தோரம் மாறி மாறித் தலை வணங்கிக்கொண்டிருக்கும் காட்சியைவிட நாகரிகமான ஒன்றை நான் கணினித் திரையில் கண்டதில்லை.

தமிழில் இப்படி எழுதி ஆட விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. யெல்லோஸ்டோன் ஓநாயை ஒருபுறம் வைத்துவிட்டு, முதுமலையின் செந்நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஊளையிடுவதில்லை, சிதறிப்போன கூட்டம் சீழ்க்கை ஒலியால் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். புள்ளிமானை வீழ்த்தினால் குட்டிகளை முதலில் தின்னவிடும். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்து அவற்றின் வாழ்வைப் பதிவுசெய்தார். முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள், பிறகு நான்கைந்து பேர் கூடி ஒரு கூட்டம் அமையுங்கள். முதல் வேட்டையில் மானைத் தப்பவிடுங்கள்.