திருத்தணியும் கச்சத்தீவும்: ‘மீட்பு’ என்ற சொல் மறைப்பது

திருத்தணி வரலாறு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கதைதான். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள், திருத்தணியை மீட்டார்கள். பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. மீதியைச் சொல்லாமல் விடுவதால், நாடுகளுக்கு இடையிலான தகராறைப் பேசும்போதும் தப்பான பாடத்தையே எடுத்துக்கொள்கிறோம் என்பது என் விமர்சனம்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் போனது. போராட்டம் பிரச்சினையை மேசைக்குக் கொண்டுவந்தது. தீர்த்து வைத்தது, இரு அரசுகளும் ஏற்ற நடுவர் எச்.வி. படாஸ்கர் கையாண்ட அளவுகோல். யார் அந்தக் காலத்தில் ஆண்டார்கள் என்பதல்ல கேள்வி. கிராமம்தான் அலகு, அங்கே பெரும்பான்மை மொழி எது, நிலத்தொடர்ச்சி இருக்கிறதா, அவ்வளவுதான். 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அதே ஏற்பாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. இதை நாம் எழுதுவதே இல்லை. தொல்காப்பியப் பாயிரம் எல்லையாகச் சொல்லும் வேங்கடமும் அந்தப் பக்கமே நின்றது. இரு தரப்புக்கும் மனக்குறை இருந்தது; பகை மிஞ்சவில்லை. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தர ஒப்பந்தம் போட முடிந்தது, 12 டி.எம்.சி. எல்லைச் சண்டை எரிந்துகொண்டே இருந்திருந்தால் அந்தக் கால்வாயை வெட்டியிருக்க முடியுமா?

“மாநிலங்களுக்கு மேலே நாடாளுமன்றம் இருக்கு, நாடுகளுக்கு மேலே யார் சார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வங்கக் கடல் எல்லையில் 2014-ல் சர்வதேச நடுவர் மன்றம், தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கி.மீ.யில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. மறு வருஷமே இரு நாடுகளும் 162 நிலத்திட்டுகளைக் கைமாற்றிக்கொண்டன. மேலே ஆள் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே ஏற்ற விதி இருந்தால் போதும்.

இப்போது கச்சத்தீவு. 1974 ஒப்பந்தம் டெல்லி - கொழும்பு உறவைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 1974-ல் தீவுக்குப் போய்வர இடம் வைத்தார்கள். 1976 கடிதப் பரிமாற்றம் மீன்பிடிப்பை அடைத்தது. திருத்தணியில் கிராமம் கிராமமாக எண்ணினார்கள். இங்கே படகுகளை யாரும் எண்ணவில்லை. விலையைக் கொடுப்பது இராமேசுவரம்.

அதற்காக ‘கச்சத்தீவை மீட்போம்’ என்பது விடை ஆகிவிடாது. நம் இழுவைப் படகுகள் தீவைத் தாண்டி யாழ்ப்பாணக் கரைப்பக்கம் வரை போகின்றன. அங்கே வலை அறுபடுவது தமிழ் மீனவருக்குத்தான். 2017-ல் இலங்கை இழுவை மடித் தொழிலையே தடை செய்துவிட்டது. தீவு நம் கைக்கு வந்தாலும் இந்தச் சண்டை நாளைக்கும் இருக்கும்.

எத்தனை படகு, என்ன வலை, வாரத்தில் எந்த நாள் என்று இரு கரை மீனவர்களும் முதலில் ஒப்புக்கொள்ளட்டும். அரசுகள் அதற்குக் கையெழுத்துப் போடட்டும். திருத்தணி தரும் பாடம் அதுதான். மேடையில் ‘மீட்போம்’ என்று முழங்கும் யாரும் ஒரு நிமிஷம் சத்தியவேட்டையும் நினைத்துப் பார்த்தால் நல்லது.